இடது பக்கத்துக் கிதார்

என் வேலையே சந்தேகப்படுவதுதான். சித்தூருக்கு வெளியே, கங்காதர நெல்லூர் போகும் சாலையில் உள்ள ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறேன். சீசன் வந்துவிட்டால் தோத்தாபுரி மாம்பழம் ஏற்றிய டிராக்டர்கள் கேட்டுக்கு வெளியே வரிசை கட்டி நிற்கும். லோடின் மேலே, பார்த்தவுடன் நாக்கில் எச்சில் ஊறும் பழங்களாக அடுக்கி வைத்திருப்பார்கள். அடியில் இருப்பது வேறு கதை. அதனால் மேலே இருப்பதை நான் தொடுவதே இல்லை. முழங்கை வரை கையை உள்ளே விட்டு, அடியில் கிடப்பதை இழுத்துத்தான் லேபுக்குக் கொண்டுபோவேன். எனக்கு டிரைவர்கள் வைத்த பெயர் 'அனுமானம் மேடம்'. தெலுங்கில் அனுமானம் என்றால் சந்தேகம். அதைக் கேட்டால் எனக்குக் கோபம் வராது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

வீட்டிலும் நான் அப்படித்தான். பால்காரரின் அளவுக் குவளையைத் திருப்பிப் பார்ப்பேன். நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) மாத்திரை போட்டேன் என்று சொன்னால் அட்டையை எடுத்து எண்ணிப் பார்ப்பேன். "நீ போலீசுக்குப் போயிருக்கணும், மாங்கா உன்கிட்ட மாட்டிக்கிச்சு" என்பார் அவர்.

இப்படிப்பட்ட நான் பன்னிரண்டு வருஷமாகச் சந்தேகப்படாத ஒரே ஆள் என் தோழி. பாலசமுத்திரத்துப் பெண். கல்லூரிக் காலத்தில் சித்தூரில் அத்தை வீட்டில் தங்கியிருந்தாள். இரண்டு பேரும் தினமும் ஒரே பேருந்தில் திருப்பதிக்குப் போய்ப் படித்தோம். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். அந்த மூன்று மணி நேரத்தில்தான் அந்த ராக் குழு எங்களிடம் வந்து சேர்ந்தது.

குழுவின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் சண்டைக்கு வர ஆள் இருக்கிறார்கள், நானே அப்படிப் பலரிடம் சண்டைக்குப் போனவள்தான். நான்கு பேர் கொண்ட குழு, தமிழில் பாடுவார்கள். பாடுகிறவருக்கு மணலை விழுங்கியது போன்ற குரல். நைனா ஒரு தடவை கேட்டுவிட்டு, "போர்வெல் போடற வண்டி மாதிரி கீது" என்றார். எங்களுக்கு அந்தக் குரல்தான் வேண்டியிருந்தது. பரீட்சையில் தோற்றபோதும், அவளுக்குப் பார்த்த மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனபோதும், என் அம்மா இறந்துபோனபோதும் அந்தக் குரல்தான் கூட இருந்தது.

புது ஆல்பம் வந்தால் எங்களுக்கு ஒரு முறை உண்டு. யாரும் தனியாகக் கேட்கக் கூடாது. முதல் தடவை, சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பேருந்தில், ஒரே ஒயர் இயர்போனை ஆளுக்கு ஒரு முனையாக மாட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டும். எல் என்று எழுதிய முனை எனக்கு, ஆர் அவளுக்கு. இந்தக் குழுவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒரு வாத்தியத்தை இடது பக்கத்தில் மட்டும் விடுவார்கள், இன்னொன்றை வலது பக்கத்தில் மட்டும். ஆகவே முதல் சுற்றில் எங்கள் இரண்டு பேருக்கும் பாதிப் பாதிப் பாட்டுதான் கிடைக்கும். அது முடிந்ததும் முனைகளை மாற்றிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து கேட்போம். உன் பக்கம் இதுவா இருந்தது, எனக்குச் சொல்லவே இல்லையே என்று ஒருத்தியை ஒருத்தி அடித்துக்கொள்வோம். வேலைக்குப் போன பிறகும் இதை விடவில்லை. அவள் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை கிடைத்துத் திருப்பதியில் அறை எடுத்துத் தங்கினாள். ஆல்பம் வந்தால் அவள் திருப்பதியிலிருந்து சித்தூர் வந்து, என்னோடு மறுபடி திருப்பதிக்குப் பேருந்து ஏறுவாள். கேட்பவர்கள் சிரிப்பார்கள்.

பிறகு ஆறு வருஷம் ஆல்பமே இல்லை. குழு உடைந்துவிட்டது என்றார்கள், பாடுகிறவர் பாட்டையே விட்டுவிட்டார் என்றார்கள். திடீரென்று இந்த வருஷம் அறிவிப்பு வந்தது. ஒன்பது பாட்டு, ஜூனில், ஒரு வெள்ளிக்கிழமை. அறிவிப்பைப் பார்த்துவிட்டு லேபில் நான் போட்ட கூச்சலில், பக்கத்து அறை மேனேஜர் ஏதோ மெஷின் வெடித்துவிட்டது என்று ஓடி வந்தார்.

ஜூன் என்றால் எங்கள் தொழிற்சாலையில் லீவு என்ற பேச்சே கிடையாது. மறுவாரத்து ஞாயிறுதான் எனக்குக் கிடைத்தது. வெள்ளிக்கும் அந்த ஞாயிறுக்கும் நடுவில் ஒன்பது நாள். கேட்க மாட்டேன் என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன். அவளும் வாங்கினாள்.

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் ஒன்பது மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை முற்பகலில் லோடு வரத் தாமதமாகிவிட்டது. போனைத் திறந்தால் ரசிகர் குழுவில் ஒரே ரகளை. ஒருவன், இது அவர் குரலே இல்லை, கம்ப்யூட்டரில் செய்தது என்று எழுதியிருந்தான். அது போதுமாக இருந்தது எனக்கு. சாம்பிள் மட்டும் பார்க்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் பாட்டை மட்டும் போட்டேன். அரை நிமிஷம் அவர் வார்த்தையில்லாமல் முனகுகிறார். பிறகு முழு நிசப்தம். முடிந்துவிட்டதோ என்று நினைக்கும்போது தலையில் கூரை இடிந்து விழுகிற மாதிரி டிரம்ஸ் இறங்குகிறது. என் கையிலிருந்த கண்ணாடிக் குவளை கீழே விழுந்து உடைந்தது. அவர் குரல்தான். வயதாகியிருந்தது, ஆனால் அவரேதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன். மற்ற எட்டுப் பாட்டையும் தொடவில்லை என்பதை அன்று ஒரு பெரிய தியாகமாக நினைத்துக்கொண்டேன்.

குற்ற உணர்ச்சி வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது வேறு யோசனை. இவ்வளவு கறாரான நானே ஒரு நாள் தாங்கவில்லை என்றால், அவள் மட்டும் ஒன்பது நாள் எப்படித் தாங்குவாள்?

அன்றிலிருந்து அவளை லோடு பார்ப்பது போலப் பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்கக் கிடைத்துக்கொண்டே இருந்தது. முன்பெல்லாம் தினமும் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் கூப்பிடுவாள், ஏர்பேடு தாண்டும் வரை பேசிக்கொண்டே வருவாள். இப்போது கொஞ்ச நாளாகக் கூப்பிடுவதே இல்லை, செய்தி மட்டும் அனுப்புகிறாள். நான் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை, "பஸ்ஸுல கீறேன், டைப் பண்ணு" என்று பதில் வருகிறது. பஸ்ஸில் பேசக் கூடாது என்று என்றைக்குச் சட்டம் வந்தது? அவள் அறைக்கு இந்த வருஷம் திருத்தணிப் பெண் ஒருத்தி புதிதாக வந்திருந்தாள். அவளும் இந்த மாதிரிப் பாட்டுதான் கேட்பாளாம். இதைத் தோழியே சந்தோஷமாகச் சொல்லியிருந்தாள். அப்போது நானும் சந்தோஷப்பட்டேன். இப்போது அந்த ஒரு செய்தியை வைத்துக்கொண்டு முழுப் படமும் ஓட்டிப் பார்த்தேன். ஒரே அறை, இரண்டு ரசிகைகள், புது ஆல்பம். கேட்காமலா இருப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலை சித்தூர் பேருந்து நிலையத்தில் வந்து நின்றாள். இளைத்திருந்தாள். ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. பேருந்தில் ஏறியதும், "நீ உள்ள போ. ஜன்னலாண்ட நீயே குந்து" என்றாள்.

நான் நின்றுவிட்டேன். பன்னிரண்டு வருஷத்தில் அவள் எனக்கு ஜன்னலை விட்டுக் கொடுத்ததே இல்லை. வாந்தி வரும், தலை சுற்றும் என்று ஆயிரம் காரணம் சொல்லி அங்கேதான் உட்காருவாள். இன்றைக்கு என்ன திடீர் தாராளம்? எதையோ ஈடுகட்டப் பார்க்கிறாள் என்று தோன்றியது. உள்ளே போய் உட்கார்ந்தேன். பழைய இயர்போனை அவள் போனில் செருகினாள். எல் எனக்கு, ஆர் அவளுக்கு.

பேருந்து ஊரைத் தாண்டியதும் முதல் பாட்டு. முனகல் வந்தது, நிசப்தம் வந்தது. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிரம்ஸ் இறங்கியது. அவளுக்குத் தூக்கி வாரிப் போட்டது. என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். முன் சீட்டுப் பெரியவர் திரும்பிப் பார்த்தார். நன்றாகத்தான் நடிக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பூதலப்பட்டு தாண்டி நான்காம் பாட்டு. என் காதில் கிதார் மட்டும் தனியாக, மெதுவாக ஆரம்பித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, முன்னால் இருந்த கம்பியில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டே வந்தாள். அப்போது அதில் எனக்கு ஒன்றும் தப்பாகப் படவில்லை. பாட்டு அவ்வளவு நன்றாக இருந்தது. ஒரு பாட்டு முழுக்க நான் சந்தேகப்படுவதையே மறந்திருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்திரகிரிக்குக் கொஞ்சம் முன்னால் ஒன்பதாவது பாட்டு முடிந்தது. வழக்கப்படி என் முனையைக் கழற்றி அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. தலை வலிக்கிறது, இரண்டாவது சுற்று இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். ஆறு வருஷம் காத்திருந்து கேட்ட ஆல்பத்துக்கு இரண்டாவது சுற்று வேண்டாமாம். திருப்பதி வரும்வரை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் லேபில் சாப்பாட்டு நேரத்தில், என் போனில், இரண்டு முனைகளையும் மாட்டிக்கொண்டு ஆல்பத்தை முதலிலிருந்து கேட்டேன். நான்காம் பாட்டில் விஷயம் கையில் கிடைத்தது. அந்தக் கிதார் இடது பக்கத்தில் மட்டும்தான் வருகிறது. வலது பக்கம் இருபது விநாடிக்குச் சுத்த மௌனம். அதற்குப் பிறகுதான் மற்ற எல்லாம் வந்து இறங்குகிறது. எல் முனையைக் கழற்றிவிட்டு ஆர் முனையில் மட்டும் கேட்டுப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. அப்படியானால் ஆர் முனையை மாட்டியிருந்தவள் எதற்குத் தாளம் தட்டினாள்?

ஏற்கெனவே கேட்டிருக்கிறாள், ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, காதில் வராத கிதாருக்குக்கூட விரல் தானாகத் தட்டும் அளவுக்குக் கேட்டிருக்கிறாள், அதுவும் அந்தத் திருத்தணிக்காரியோடு. அதனால்தான் இரண்டாவது சுற்று வேண்டாம் என்றாள். எனக்கு நெஞ்சு எரிந்தது. நான் முதல் பாட்டைக் கேட்டது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகமே இல்லை. இருந்திருந்தாலும், நான் கேட்டது சாம்பிள் என்றுதான் வாதாடியிருப்பேன்.

அந்த வாரம் முழுக்க அவள் அனுப்பிய செய்திகளுக்கு 'ம்' என்று மட்டும் பதில் போட்டேன். லோடுகளைச் சரமாரியாகத் திருப்பி அனுப்பினேன். நைனா கவனித்துவிட்டார். அந்தப் பெண்ணோடு சண்டையா என்று கேட்டார். கிதாரிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டை முன்னாலேயே கேட்டதற்கெல்லாமா ஒரு சண்டை, கேட்டால் அந்தப் பாட்டு என்ன தீர்ந்தா போய்விடும் என்றார். பாட்டு தீராது நைனா, ஆனால் முதல் தடவை என்பது ஒரு தடவைதான் என்றேன். அவர் யோசித்துவிட்டு, "அவளாண்டயே போய்க் கேளேன்" என்றார்.

கேட்கத்தான் போனேன். அடுத்த ஞாயிறு அரை நாள் கிடைத்தது. சொல்லாமல் கொள்ளாமல் திருப்பதிக்குப் பேருந்து ஏறினேன். என் போனில் நான்காம் பாட்டைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டேன். ஆர் முனையை அவள் காதில் மாட்டுவேன், அந்த இருபது விநாடி மௌனத்தைக் கேட்கவைப்பேன், அன்றைக்கு எதற்குத் தட்டினாய் என்று கேட்பேன். பதில் சொல்ல முடியாமல் அவள் விழிப்பதை வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போனேன்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் அவள் அறை. திருத்தணிப் பெண்தான் கதவைத் திறந்தாள். அக்கா மேலே துணி காயப்போடுகிறாள் என்றாள். முறைத்துவிட்டு மேலே ஏறினேன். தோழி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். கீழே தெருவில் பஸ்கள் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அவள் ஒரு துண்டை உதறிக் கொடியில் போட்டாள். நான் கண்டுபிடித்தது அதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டதா, வேண்டுமென்றே திரும்பாமல் இருக்கிறாளா என்று நினைத்தேன். நேரே அவள் வலது பக்கம் போய் நின்று, தோளைப் பிடித்துத் திருப்பாமலேயே, ஆர் முனையை அவள் காதில் செருகினேன்.

திடுக்கிட்டாள். நான் என்று பார்த்ததும் சிரித்தாள். "இன்னாடி, சொல்லாமகூட வந்து நிக்கற?"

"பேசாத. இதைக் கேளு" என்று பாட்டைப் போட்டேன். சத்தத்தை முழுக்க ஏற்றி வைத்திருந்தேன்.

மனத்துக்குள் எண்ணினேன். பத்து, பதினைந்து, இருபது. டிரம்ஸும் பேஸும் குரலும் மொத்தமாக வந்து இறங்கின. அவள் காதில் இருந்த முனையிலிருந்து கசிந்த சத்தம், அந்தப் பக்கமே ஒட்டி நின்ற எனக்கு லேசாகக் கேட்டது. அவள் கையில் ஒரு கிளிப்பை வைத்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இன்னும் போடலையா?" என்றாள்.

பாட்டை நிறுத்தினேன். அவள் அந்த முனையைக் கழற்றிப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

"இந்தக் காது போச்சுடி" என்றாள். பேனா தொலைந்துவிட்டது என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

மார்ச் மாதம் ஒருநாள் காலையில் எழுந்தபோது வலது காது அடைத்திருந்ததாம். தண்ணீர் போயிருக்கும் என்று நாலைந்து நாள் விட்டுவிட்டாள். பிறகு போய்ப் பார்த்தபோது, காது அடைத்த அன்றைக்கே வந்திருக்க வேண்டும் என்றாராம் டாக்டர். மாத்திரை, ஊசி எல்லாம் ஆயிற்று. அந்தப் பக்கம் திரும்பி வரவில்லை. பஸ் இரைச்சலில் போனில் பேசினால் ஒன்றும் புரிவதில்லை, அதனால்தான் டைப் பண்ணச் சொன்னாள். நாங்கள் எப்போதும் உட்காரும் இடது வரிசையில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் என் பக்கம் இருப்பது வலது காது. அதனால்தான் ஜன்னலை எனக்குக் கொடுத்தாள். தன் போனை எடுத்து ஓர் அமைப்பைக் காட்டினாள். அதைப் போட்டுவிட்டால் இடது, வலது இரண்டும் கலந்து ஒன்றாகி, இரண்டு முனையிலும் ஒரே மாதிரி வருமாம். ஒரு காதுக்காரர்களுக்காகவே வைத்திருக்கிறார்கள். அன்று பேருந்தில் ஆர் முனையை அவள் தன் இடது காதில்தான் மாட்டியிருந்தாள், அந்தக் கிதார் அதிலும் வந்திருக்கிறது. முனைகளை மாற்றியிருந்தால் எனக்கு எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது. அதை வைத்தே உடனே கண்டுபிடித்திருப்பேன். அதற்குப் பயந்துதான் தலைவலி.

"என்கிட்ட சொல்றதுக்கு இன்னாடி?" என்றேன். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"சொன்னா நீ பாட்டையா கேப்ப? என் காதையே பாத்துக்கினு இருப்ப. ஆறு வருசம் கழிச்சு வருது. ஒரு தடவை முன்ன மாதிரியே கேட்டுட்டு அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

அப்படியானால் அந்த ஞாயிறுக்கு முன்னால் நீ கேட்கவே இல்லையா என்று கேட்டேன். குரல் எனக்கே அசிங்கமாக ஒலித்தது. அவளுக்கு அந்தக் கேள்வியே விசித்திரமாக இருந்தது. அறையில் அந்தப் பெண் தினமும் போட்டுக் கேட்பாளாம். இவள் எழுந்து வெளியே போவாளாம். போக முடியாதபோது இன்னொரு வழி வைத்திருந்தாள். "நல்ல காதைத் தலகாணில அழுத்தி வெச்சிக்கினு படுத்துடுவேன். ஒண்ணும் கேக்காது. அதுக்காச்சும் ஒதவுச்சு" என்று சிரித்தாள்.

ஒன்பது நாள் அவள் அப்படிப் படுத்திருக்கிறாள். நான் கையை அடிவரை விட்டுத் துழாவியது அவளை.

ஈரப் போர்வை ஒன்றின் முனையை என்னிடம் நீட்டினாள். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துப் பிழிந்தோம். முகத்தைப் பார்க்காமல் இருக்க அது வசதியாக இருந்தது. சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை, லேபில், முதல் பாட்டு, இரண்டு தடவை. சாம்பிள் என்ற வார்த்தை நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை.

அவள் போர்வையைக் கொடியில் விரித்துப் போட்டு, சுருக்கத்தை நீவிவிட்டு, கிளிப்பை மாட்டினாள்.

"தெரியும்" என்றாள். "டிரம்ஸ் விழுந்தப்போ நான் பதறிப்போய் உன்னப் பாத்தேன். நீ பதறல. என்னையே பாத்துக்கினு இருந்த."